பாம்பு சட்டை உரிப்பதில் சிக்கலா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

வளர்ப்புப் பாம்பின் உடம்பில் பழைய தோல் திட்டுத்திட்டாக ஒட்டி நின்றால் பார்க்கிற எவருக்கும் கை பரபரக்கும். நுனியைக் கிள்ளி இழுத்தால் வந்துவிடும் போலத்தான் இருக்கும். தயவுசெய்து இழுக்காதீர்கள். சட்டை உரிப்பதில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவைக்குக் காரணம் பாம்பு இருக்கும் பெட்டிதான். பெட்டிக்குள் காற்றும் சூடும் சரியாக இருந்தால் தோல் தானாகவே கழன்றுவிடும். கையால் உரித்துவிட்டால் இந்த முறைத் தோல் போகும், காரணம் பெட்டியிலேயே இருக்கும், அடுத்த முறையும் அதே பாடுதான்.

பால் பைத்தான் (ball python), கார்ன் ஸ்நேக் (corn snake) இரண்டையும் மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். வீடுகளில் அதிகம் வளர்க்கப்படுபவை இவைதான். பால் பைத்தான் கானா, டோகோ, பெனின் போன்ற ஆப்பிரிக்க நாடுகளின் புல்வெளிகளில் வாழ்வது. பகல் முழுக்க எலி வளைக்குள்ளோ கறையான் புற்றுக்குள்ளோ சுருண்டு கிடக்கும். கார்ன் ஸ்நேக் அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களைச் சேர்ந்தது, வறட்சியை ஓரளவு தாங்கும். வெளியே நிலம் காய்ந்து கிடந்தாலும் வளைக்குள் காற்று ஈரமாகவே இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். பின்னால் வரும் பாதி விஷயம் இதில்தான் அடங்கியிருக்கிறது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் நாகம், சாரை, மண்ணுளி, மலைப்பாம்பு போன்ற நம் ஊர்ப் பாம்புகளைப் பிடித்து வீட்டில் வைப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பால் பைத்தான் வெளிநாட்டுப் பாம்புதான் என்றாலும் அரசிடம் பதிவு செய்தே வைத்திருக்க வேண்டும். சிங்கப்பூரில் பாம்பு வளர்க்கவே அனுமதி இல்லை. மற்ற நாடுகளில் இருப்பவர்கள் தங்கள் நகரத்தின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒழுங்காக உரிப்பது என்றால் எப்படி இருக்கும்?

பாம்பின் வெளித்தோல் உடம்போடு சேர்ந்து வளர்வதில்லை. அதனால் அடியில் புதுத் தோல் ஒன்று முழுசாகத் தயாரான பிறகு பழையதை மொத்தமாகக் கழற்றி விடுகிறது. வளர்ச்சி மட்டுமே காரணம் என்று நினைக்க வேண்டாம். தரையில் உரசித் தேய்ந்த தோலை மாற்றவும், காயம் ஆறவும், ஒட்டுண்ணித் தொல்லை வந்தாலும் உரிக்கும். வளர்ந்து முடிந்த பாம்பும் சாகும்வரை உரித்துக்கொண்டுதான் இருக்கும். குட்டி, முட்டையிலிருந்து வந்த ஒன்றிரண்டு வாரத்தில் முதல் சட்டையை உரிக்கும். அப்புறம் வேகமாக வளரும் காலத்தில் ஏறக்குறைய 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை. பெரிய பாம்பு வருஷத்துக்குச் சில தடவைதான்.

முதலில் நிறம் மங்கும், கோடுகளும் புள்ளிகளும் தெளிவிழக்கும். புதுத் தோலுக்கும் பழைய தோலுக்கும் நடுவே ஒரு திரவம் சுரக்கிறது, கண் சாம்பல் கலந்த நீலமாக மாறுவது அதனால்தான். பாம்புக்கு இமை கிடையாது. கண்ணை ஒளி ஊடுருவும் ஒரு செதில் மூடியிருக்கிறது, சட்டையோடு சேர்ந்து அதுவும் உரியும். சில நாளில் திரவம் உறிஞ்சப்பட்டுக் கண் தெளிந்துவிடும். புதிதாக வளர்ப்பவர்கள் இங்கேதான் குழம்புவார்கள். கண் தெளிந்துவிட்டதே, உரிக்கவில்லையே என்று பயப்படுவார்கள். உண்மையில் உரிப்பு வருவதே அதற்குப் பிறகுதான், பெரும்பாலும் 2 முதல் 5 நாளில். மங்கத் தொடங்கியதிலிருந்து உரித்து முடிப்பதுவரை ஒன்று அல்லது இரண்டு வாரம் ஆகும்.

நேரம் வந்ததும் மூக்கைக் கல்லிலோ கட்டையிலோ உரசும். உதட்டோரத்தில் தோல் விடுபடும். அப்புறம் பாம்பு முன்னால் ஊர்ந்து போகப் போக, காலுறையைச் சுருட்டிக் கழற்றுவது போலத் தோல் உட்புறம் வெளியாகப் பின்னுக்குப் போகும். நல்ல உரிப்பு என்றால் மூக்கு முதல் வால் நுனி வரை ஒரே துண்டு. செதில்களுக்கு இடையில் மடிந்திருந்த தோலும் விரிந்துவிடுவதால் கழற்றிய சட்டை பாம்பைவிட நீளமாக இருக்கும். அதை அளந்து பாம்பின் நீளம் என்று எழுதி வைக்க வேண்டாம்.

நிறம் மங்கிவிட்டது, கண் நீலமாகிவிட்டது, வயிறு இளஞ்சிவப்பாகத் தெரிகிறது

இது நோயில்லை. உரிப்பு நெருங்குகிறது. பால் பைத்தானுக்கு இந்த நேரத்தில் வயிற்றுப் பக்கம் லேசாகச் சிவந்து தெரிவதும் சகஜம். உரித்து முடிந்ததும் அது போய்விட வேண்டும். உரித்த பிறகும் வயிற்றுச் செதில்களில் பழுப்புக் கறையோ கொப்புளமோ ஓரம் அரித்தது போன்ற தோற்றமோ நின்றால் அது வேறு பிரச்சினை, அதற்குக் கீழே வருகிறேன்.

இப்போது பாம்பைக் கையில் எடுக்க வேண்டாம். புதுத் தோல் இன்னும் முதிரவில்லை, அழுத்தினால் சேதமாகும்.

சாப்பிட மாட்டேன் என்கிறது, கிட்டே போனால் சீறுகிறது

இதுவும் இயல்பு. கண் மறைத்திருப்பதால் எது வந்தாலும் பயம். ஒரு வேளை தீனியைத் தவிர்ப்பதால் ஒன்றும் கெட்டுப்போகாது. உயிர் எலியைப் போட்டுவிட்டு மட்டும் போய்விடாதீர்கள், மறைந்த கண்ணோடு இருக்கும் பாம்பை எலி கடித்துக் குதறிவிடும். எப்போதும் உறைந்த எலியை இளக்கிக் கொடுப்பதே நல்லது. உரித்து முடிந்து ஒன்றிரண்டு நாளில் பெரும்பாலான பாம்புகள் தாமே தீனி தேடும். வளர்ந்த பால் பைத்தான் குளிர்மாதங்களில் வாரக்கணக்கில் சாப்பிடாமல் இருப்பது தனிக் கதை. எடை குறையாதவரை அதைச் சட்டையோடு முடிச்சுப் போட வேண்டாம்.

கண் தெளிந்து ஒரு வாரம் தாண்டியும் உரியவில்லை

முதலில் ஈரப்பதத்தைப் பாருங்கள். அடுத்து, உரச ஏதாவது சொரசொரப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். செய்தித்தாளும் வழவழ பிளாஸ்டிக்கும் மட்டும் உள்ள பெட்டியில் மூக்குத் தோலைக் கிளப்ப வழியே இல்லை. ஒரு மரப்பட்டை, கூர்முனை இல்லாத ஒரு கல், ஒரு கிளை இருந்தால் போதும். கூடவே கீழே சொல்லும் ஈரப் பெட்டியையும் வையுங்கள். இரண்டு மூன்று நாளில் அசைவு தெரியவில்லை என்றாலோ தோல் காகிதம்போல் காய்ந்து சுருங்கத் தொடங்கினாலோ, அது ஒட்டிக்கொண்ட உரிப்பு. அடுத்த இரண்டு பகுதிகளும் அதற்குத்தான்.

துண்டு துண்டாக உரிகிறது

அதிகம் வரும் புகார் இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

முக்கியக் காரணம் காற்று வறண்டிருப்பது. பால் பைத்தானுக்குப் பெட்டிக்குள் 60 சதவீத ஈரப்பதம் குறையாமல் இருக்க வேண்டும், மங்கத் தொடங்கியதும் 70 பக்கம் ஏற்றுங்கள். கார்ன் ஸ்நேக்குக்கு 40 முதல் 60 போதும், உரிக்கும் நேரத்தில் மேல்பக்கமாக வையுங்கள். "என் ஈரப்பத மீட்டர் 65 காட்டுகிறதே" என்பார்கள். அந்த மீட்டர் உண்மை சொல்கிறதா? முள் சுற்றும் வட்ட டயல் வகைகளை நான் நம்புவதே இல்லை. டிஜிட்டல் மீட்டரையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். வீட்டிலேயே முடியும். ஒரு பாட்டில் மூடி நிறைய சமையல் உப்பைப் போட்டுச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள். உப்பு கரையக் கூடாது, ஈர மணல் பதத்துக்கு வந்தால் போதும். மூடியையும் மீட்டரையும் ஜிப் பைக்குள் வைத்து இறுக மூடி, இரவு முழுக்க ஓர் இடத்தில் அசைக்காமல் விடுங்கள். ஈர உப்பு, மூடிய பைக்குள் இருக்கும் காற்றை 75 சதவீதத்தில் நிறுத்தும். காலையில் மீட்டர் 75 காட்டினால் சரி. 69 காட்டினால் உங்கள் மீட்டர் 6 குறைத்துச் சொல்கிறது, அதைக் கூட்டிப் படியுங்கள். 85 காட்டினால் இத்தனை நாளும் பெட்டி நீங்கள் நினைத்ததைவிட வறண்டு கிடந்திருக்கிறது.

மீட்டரை எங்கே வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். மூடிக்குப் பக்கத்தில் ஒட்டினால் அது அறைக்காற்றைத்தான் அளக்கும். பாம்பு படுக்கும் உயரத்தில் வையுங்கள்.

ஈரம் எங்கே போகிறது என்று தேடினால் பெரும்பாலும் வலை மூடி வழியாகத்தான் போகும். மேலே விளக்கு எரிந்தால் இன்னும் வேகமாகக் காய்ந்துவிடும். வலையில் முக்கால் பங்கை அலுமினியத் தாளாலோ அக்ரிலிக் பலகையாலோ மூடி, மிச்சத்தைக் காற்றுக்கு விடுங்கள். விளக்குக்கு நேர் மேலே எதையும் வைக்க வேண்டாம், சூடாகித் தீப்பிடிக்கும். டொரண்டோ, லண்டன் போன்ற ஊர்களில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை டிசம்பரிலிருந்து மார்ச் வரை உச்சத்தில் இருக்கும். வெளியே உறைகுளிரில் இருக்கும் காற்றில் நீராவி மிகக் குறைவு. அதையே உள்ளே கொண்டுவந்து சூடாக்கும்போது நீராவி கூடுவதில்லை, அதனால் ஈரப்பதம் விழுந்துவிடுகிறது. கனடாக் குளிர்காலத்தில் வீட்டுக்குள் 30 சதவீதத்துக்கும் கீழே இறங்குவது ஆச்சரியமே இல்லை. கோடையில் ஒரே துண்டாக உரித்த பாம்பு ஜனவரியில் துண்டு துண்டாக உரித்தால் பாம்பில் எதுவும் மாறவில்லை, ஹீட்டர்தான் காரணம். சென்னைக் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லைதான், ஆனால் நாள் முழுக்க ஏசி ஓடும் அறையில் பெட்டி இருந்தால் அங்கேயும் இதே நிலைமை வரும்.

சரி, ஈரத்தை எப்படி ஏற்றுவது? எல்லோரும் ஸ்ப்ரே பாட்டிலை எடுப்பார்கள். தெளித்ததும் மீட்டர் 90க்குப் போகும், ஒரு மணி நேரத்தில் பழைய இடத்துக்கு வந்துவிடும். மேல்பரப்பு மட்டும் சொதசொதவென்று நிற்கும், பாம்பின் வயிறு அந்த ஈரத்திலேயே கிடக்கும். நான் சொல்வது வேறு வழி. அடியில் மூன்று நான்கு அங்குலத்துக்குத் தென்னை நார்த்தூள் போடுங்கள். பொள்ளாச்சியிலிருந்து கட்டி கட்டியாக வெளிநாடுகளுக்குப் போகும் அதே கோகோ பீட்தான், செடிக்கடையிலேயே கிடைக்கும். உரம் கலக்காததாகப் பார்த்து வாங்கி, ஊறவைத்துப் பிழிந்து பரப்புங்கள். காய்ந்ததும் மேலே தெளிக்காமல் நான்கு மூலைகளிலும் ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றுங்கள். தண்ணீர் அடியில் இறங்கி நிற்கும், மேல் அடுக்கு காய்ந்தே இருக்கும், ஆவி மெதுவாக மேலே வந்துகொண்டிருக்கும். வளைக்குள் நடப்பதும் கிட்டத்தட்ட இதுதான்.

அடுத்தது ஈரப் பெட்டி. பாம்பு சுருண்டால் உடம்பு சுவரைத் தொடும் அளவுக்கு ஒரு மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா எடுத்து, பக்கவாட்டில் ஓட்டை போட்டு ஓரத்தை மழமழப்பாக்குங்கள். உள்ளே ஸ்பாக்னம் பாசியை நனைத்து, கையால் பிழிந்தால் தண்ணீர் சொட்டாத பதத்தில் நிரப்புங்கள். வெதுவெதுப்பான பக்கத்துக்கும் குளிர்ந்த பக்கத்துக்கும் நடுவில் வையுங்கள். மங்கத் தொடங்கியதும் பாம்பு தானாக உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும். எப்போது உள்ளே போக வேண்டும், எப்போது வெளியே வர வேண்டும் என்பதைப் பாம்பே முடிவு செய்வதால் எல்லா வழிகளிலும் இதையே முதலில் சொல்வேன். பாசியை வாரம் ஒருமுறை மாற்றிவிடுங்கள், பூஞ்சை பிடிக்கும்.

ஈரம் சரியாக இருந்தும் துண்டாகத்தான் உரிகிறதா? சூட்டைப் பாருங்கள். பால் பைத்தானுக்கு வெப்பப் பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 25 முதல் 27. கார்ன் ஸ்நேக்குக்கு வெப்பப் பக்கம் 29 முதல் 31, மறுபக்கம் 22 முதல் 25. சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் ஹீட் மேட்டை, அதாவது சூடேற்றும் விரிப்பை, பயன்படுத்தவே கூடாது. அது பாம்பின் வயிற்றைச் சுடும். சுட்ட தழும்பில் செதில் ஒழுங்காக முளைக்காது, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் தோல் மாட்டிக்கொள்ளும். உங்கள் பாம்புக்கு எப்போதும் ஒரே இடத்தில் மட்டும் ஒட்டுகிறது என்றால் அங்கே பழைய காயமோ தழும்போ இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள்.

தண்ணீர்ப் பாத்திரம் காய்ந்து கிடந்தாலும் இதே பிரச்சினை வரும். உடம்பில் நீர் வற்றிய பாம்பின் பக்கவாட்டுத் தோல் மடிப்பு மடிப்பாக நிற்கும், வாயில் எச்சில் பிசினாக இழுக்கும். ஈரம், சூடு, தண்ணீர் மூன்றும் சரியாக இருந்தும் தொடர்ந்து இரண்டு மூன்று உரிப்பு கெட்டால் குடல் புழு, தொற்று, சத்துக்குறைவு போன்றவற்றை மருத்துவர்தான் தேட வேண்டும்.

உடம்பில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது

அவசரம் எதுவும் இல்லை. முதல் நாள் பெட்டியின் ஈரத்தை ஏற்றி, ஈரப் பெட்டியை வைத்துவிட்டுக் காத்திருங்கள். பாதிக்குப் பாதி இதிலேயே முடிந்துவிடும்.

முடியவில்லை என்றால் காற்றுத்துளை உள்ள ஒரு டப்பாவில், வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துண்டை விரித்து, பாம்பை உள்ளே விட்டு மூடுங்கள். அறைச் சூடு 27, 28 டிகிரி இருக்கட்டும். டப்பாவை ஹீட் மேட் மேல் வைக்க வேண்டாம், மூடிய டப்பா சீக்கிரம் கொதித்துவிடும். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம், நடுநடுவே திறந்து பாருங்கள். பிறகு அதே ஈரத் துண்டைக் கையில் தளர்வாகப் பிடித்து, பாம்பை அதன் வழியாகத் தானே ஊர விடுங்கள். துண்டின் உரசலில் தோல் உருண்டு வரும். இழுப்பது நீங்களாக இருக்கக் கூடாது, ஊர்வது பாம்பாக இருக்க வேண்டும். எங்கே இறுக்கமாக நிற்கிறதோ அங்கே விட்டுவிட்டு மறுநாள் மறுபடி செய்யுங்கள்.

தொட்டித் தண்ணீரில் ஊறவைப்பதை நான் இரண்டாம் இடத்தில்தான் வைப்பேன், பால் பைத்தான் அதில் மிரளும். செய்தே ஆக வேண்டும் என்றால் 28 முதல் 30 டிகிரித் தண்ணீர், பாம்பின் உடம்பு உயரத்தில் பாதிக்கு மேல் வேண்டாம், 15, 20 நிமிஷம், பக்கத்தை விட்டு நகரக் கூடாது. களைத்துப்போன பாம்பு ஆழமில்லாத தண்ணீரிலும் மூழ்கும்.

நம் வீடுகளில் அடுத்து வரும் யோசனை தேங்காய் எண்ணெய். வேண்டாம். எண்ணெய் தோலுக்குள் நீரைக் கொண்டுபோகாது, நார்த்தூளும் அழுக்கும் அதில் ஒட்டிக்கொள்ளும். செல்லோடேப், ட்வீசர் இரண்டும் பாம்புப் பெட்டிப் பக்கமே வரக் கூடாது. இன்னும் பிரியத் தயாராகாத தோலை இழுத்தால் கீழே இருக்கும் புதுச் செதிலும் சேர்ந்து வரும், அது திறந்த புண்.

உடம்பெல்லாம் உரிந்துவிட்டது, கண் மட்டும் மங்கலாக இருக்கிறது

ஒவ்வொரு உரிப்புக்குப் பிறகும் கழன்ற சட்டையின் தலைப்பகுதியை எடுத்துப் பாருங்கள். காய்ந்திருந்தால் கொஞ்சம் தண்ணீரில் நனைத்து விரல்மேல் விரித்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். மூக்குத் துளைகள் தெரியும், உதட்டுச் செதில்கள் வரிசையாகத் தெரியும், இரண்டு பக்கமும் கண் இருந்த இடத்தில் குவிந்த வட்டத் தகடு ஒன்று முழுசாக, கண்ணாடித் தெளிவாக இருக்க வேண்டும். அங்கே வெறும் ஓட்டை இருந்தால் அந்தத் தகடு பெரும்பாலும் இன்னும் பாம்பின் கண்ணிலேயே இருக்கிறது. பாம்பின் இரண்டு கண்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு கண் பளபளப்பாகவும் மற்றது மங்கலாக, ஓரத்தில் சுருக்கத்தோடும் இருந்தால் சந்தேகம் உறுதி. உடம்பில் நீர் குறைந்தாலும் கண்செதில் பள்ளம் விழுந்ததுபோல் தெரியும், அதைத் தகடு தங்கிவிட்டதாக நினைத்துக் குழம்ப வேண்டாம்.

இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கடுமையாகவே சொல்கிறேன்: அதை நீங்கள் எடுக்கக் கூடாது. பழைய தகட்டுக்குக் கீழே உயிருள்ள புதிய கண்செதில் இருக்கிறது, அதற்கும் கீழேதான் கருவிழி. இரண்டு செதில்களையும் நகத்தாலோ ட்வீசராலோ பிரித்தறிய முடியாது. உயிருள்ள செதில் கிழிந்தால் கருவிழி காய்ந்து, தொற்று வந்து, கண்ணே போய்விடும். இமை இல்லாத பிராணிக்கு அந்தச் செதிலைத் தவிர வேறு பாதுகாப்பு கிடையாது. பிறகு அதைச் சரிசெய்ய மருத்துவராலும் முடியாமல் போகலாம்.

செய்ய வேண்டியது: ஈரத்தை ஏற்றி, ஈரப் பெட்டியை நிரந்தரமாக வைத்து, அடுத்த உரிப்புவரை காத்திருப்பது. பெரும்பாலும் அடுத்த சட்டையோடு பழையதும் சேர்ந்து வந்துவிடும். அப்போதும் வரவில்லை என்றாலோ இரண்டு அடுக்கு சேர்ந்துவிட்டது என்றாலோ ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் போங்கள். கண் வீங்கி வெளியே தள்ளினாலோ செதிலுக்கு அடியில் பால்போல வெள்ளையாகத் தேங்கினாலோ அடுத்த உரிப்பு வரை காத்திருக்கக் கூடாது, அது சீழாக இருக்கலாம். கண் விளிம்பில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் பூச்சி, அதையும் கீழே சொல்கிறேன்.

வால் நுனியில் வளையம் வளையமாக நிற்கிறது

கண்ணுக்கு அடுத்தபடி ஆபத்தான இடம் வால். ஒவ்வொரு முறையும் ஒரு வளையம் தங்கினால் அடுக்கடுக்காகச் சேர்ந்து இறுகும். ரத்த ஓட்டம் நின்று, நுனி கறுத்து, குச்சிபோல விறைத்துப்போகும். விரலால் மெதுவாகத் தடவினால் தடிப்பு தெரியும். ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து வாலை மட்டும் 10, 15 நிமிஷம் ஊறவிட்டு, ஈரப் பஞ்சால் உடம்புப் பக்கத்திலிருந்து நுனி நோக்கி உருட்டுங்கள். ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை. நுனி ஏற்கெனவே கறுத்துக் கடினமாகிவிட்டால் நீங்கள் தொட வேண்டாம், மருத்துவர் பார்க்கட்டும்.

அடிக்கடி உரிக்கிறது

குட்டியாக இருந்து நன்றாகச் சாப்பிட்டால் இது மகிழ்ச்சியான செய்தி. வளர்ந்த பாம்பு மாதம் தவறாமல் உரித்தால் காரணம் தேடுங்கள். காயமோ தீச்சுடோ ஆறிக்கொண்டிருந்தால் உரிப்பு வேகமாகும், அது உடம்பு தன்னைச் சரிசெய்யும் வழி.

மற்றபடி முதல் சந்தேகம் பாம்புப் பூச்சி, பாம்பின் ரத்தத்தைக் குடிக்கும் ஒரு சிற்றுண்ணி. ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும், கறுப்புப் புள்ளியாக நகரும். கண் விளிம்பு, தாடைக்கு அடியில் இருக்கும் பள்ளம், கழிவுத்துளைப் பக்கம் எல்லாம் பாருங்கள். வெள்ளைக் காகிதத் துண்டை நனைத்துப் பாம்பின் மேல் துடைத்தால் புள்ளிகள் ஒட்டி வரும், சில நசுங்கிச் சிவப்புக் கறை விடும். தண்ணீர்ப் பாத்திரத்தின் அடியில் செத்துக் கிடக்கும். பாம்பு வழக்கத்துக்கு மாறாகத் தண்ணீருக்குள்ளேயே கிடப்பதும் ஓர் அடையாளம். மருந்தை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். நாய்க்கும் பூனைக்கும் வாங்கிய உண்ணி மருந்தை அளவு தெரியாமல் அடித்துப் பாம்பு நடுங்கிச் செத்த கதைகள் உண்டு. ஆமையும் வளர்ப்பவர்கள் இன்னும் கவனம், ஒட்டுண்ணிக்குக் கொடுக்கும் ஐவர்மெக்டின் என்ற மருந்து ஆமைக்கு விஷம். பூச்சி முட்டையிடுவது பெட்டியின் இடுக்குகளில். அதனால் நார்த்தூள், கட்டை, பாசி எல்லாவற்றையும் வெளியேற்றி, பெட்டியைக் கழுவி, வெள்ளைக் காகிதம் மட்டும் போட்டு வாரக்கணக்கில் கண்காணிக்க வேண்டும். ஒரே தடவை மருந்தோடு முடிந்ததாக நினைத்தால் அடுத்த தலைமுறை பொரித்து வந்துவிடும்.

வட அமெரிக்காவில் இருப்பவர்கள் பூஞ்சை நோயையும் நினைவில் வையுங்கள். அங்கே காட்டுப் பாம்புகளிடையே பரவியிருக்கும் ஒரு பூஞ்சை, தோலில் பொருக்கும் முடிச்சும் உண்டாக்கி, திரும்பத் திரும்ப உரிக்க வைக்கிறது. வெளியே பார்த்த பாம்பைத் தொட்டுவிட்டு வீட்டுப் பாம்பை எடுக்காதீர்கள்.

மாதக்கணக்காக உரிக்கவே இல்லை

வளர்ந்த பாம்பா, குளிர்காலமா, தீனி குறைவா? அப்படியானால் பெரிய விஷயமில்லை. குட்டி இரண்டு மூன்று மாதம் உரிக்காமல் இருந்தால் அது வளரவில்லை என்று அர்த்தம். எடை போட்டுப் பாருங்கள், சூட்டை அளந்து பாருங்கள், எலியின் அளவு போதுமா என்று பாருங்கள்.

உரித்த பிறகு வயிற்றில் கொப்புளம், பழுப்புக் கறை

இது ஈரம் கூடிப்போனதன் விளைவு, இன்னும் சரியாகச் சொன்னால் நனைந்த அழுக்குத் தரையின் விளைவு. செதில் அழுகல் என்பார்கள். காற்று ஈரமாக இருக்க வேண்டும், படுக்கை நனைந்திருக்கக் கூடாது. உடனே எல்லாவற்றையும் மாற்றிக் காய்ந்த காகிதம் போடுங்கள், சூட்டைச் சரியாக வையுங்கள். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். சிவப்பு பரவினாலோ வாடை வந்தாலோ மருத்துவரிடம் போங்கள், தொற்று ரத்தத்தில் கலந்தால் பாம்பு பிழைப்பது கடினம்.

பெண் பாம்பு உரித்தது, வயிறு பருத்திருக்கிறது

முட்டைக்கு முந்தைய உரிப்பாக இருக்கலாம். கார்ன் ஸ்நேக் என்றால் ஏறக்குறைய 10 நாளிலிருந்து இரண்டு வாரத்தில் முட்டையிடும், பால் பைத்தான் சுமார் ஒரு மாதத்தில். ஆண் துணை இல்லாத கார்ன் ஸ்நேக்கும் கருவுறாத முட்டைகள் இடும், அதனால் "தனியாகத்தானே இருக்கிறது" என்று விட்டுவிடாதீர்கள். ஈரப் பாசி போட்ட டப்பாவை வைத்துவிடுங்கள். சில முட்டை இட்டு மிச்சம் உள்ளே நின்று பாம்பு சோர்ந்தால் அது அவசரம்.

மருத்துவரிடம் போகும்போது

எங்கே போவது என்பதை இன்றே தேடி வையுங்கள். நாய் பூனை பார்க்கும் எல்லா மருத்துவர்களும் பாம்பு பார்ப்பதில்லை, கண் வீங்கிய பிறகு தேடினால் நேரம் போய்விடும். கழன்ற சட்டையைத் தூக்கி எறியாமல் ஜிப் பையில் போட்டு எடுத்துப் போங்கள், துண்டு துண்டாக இருந்தாலும் எல்லாத் துண்டுகளையும். பூச்சி இருந்தால் அந்தச் சட்டையிலேயே தெரியும், கண் தகடு இருக்கிறதா இல்லையா என்பதும் தெரியும். பெட்டியின் உள்ளேயும் வெளியேயும் போனில் சில படங்கள், வெப்பப் பக்கம், குளிர்ந்த பக்கம் இரண்டின் சூடு, சோதித்த மீட்டரின் ஈரப்பத அளவு, கடைசியாகச் சாப்பிட்ட தேதி, முந்தைய உரிப்புத் தேதிகள், மாதாந்திர எடை எல்லாம் ஒரு தாளில் இருக்கட்டும். பாம்பைப் பருத்திப் பையில் விட்டு முடிச்சுப் போட்டு, அந்தப் பையைக் காற்றுத்துளை உள்ள டப்பாவில் வையுங்கள். குளிர்நாளில் துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டில் ஒன்றைப் பையைத் தொடாதபடி பக்கத்தில் வைக்கலாம். சட்டையைத் தொட்டாலும் பாம்பைத் தொட்டாலும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், ஊர்வனவற்றின் உடம்பில் சால்மொனெல்லா கிருமி இருக்கும். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம்.